சர்க்கரை வந்தவர் சோற்றை அடியோடு விட வேண்டுமா?

கேள்வி — டிசம்பர் 6, 2025

அப்பாவுக்கு வயது 61. மூணு மாச சுகர் 8.4 வந்திருக்கிறது. டாக்டர் "அரிசியைக் குறைங்க" என்றார். நாங்கள் வீட்டில் அரிசியையே நிறுத்திவிட்டோம். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் நாலு சப்பாத்தி, இரவும் சப்பாத்தி. அப்படியும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240க்குக் குறையவில்லை. அப்பா சோறு கேட்டு முகம் வாடிப் போகிறார். எந்தத் தானியம் கொடுத்தால் சர்க்கரை ஏறாது?

டிசம்பர் 6, இரவு

ஏறாத தானியம் என்று ஒன்று கிடையாது, தம்பி. அதைத் தேடுவதை முதலில் விடுங்கள். நான் கும்பகோணத்தில் மெஸ் நடத்துகிறேன். எனக்கும் சர்க்கரை உண்டு, என் மாமியாருக்கும் உண்டு. தினம் சோறு வடிக்கிறவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணை இருக்கிறது. சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம். கேழ்வரகில் 67, வரகிலும் சாமையிலும் 66, கோதுமை மாவில் 64. நம் வீடுகளில் இவற்றை இரவுக்கும் பகலுக்கும் உள்ள தூரம் மாதிரிப் பேசுகிறோம். நார்ச்சத்தில் நிஜமாகவே வித்தியாசம் உண்டு: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகிலும் கோதுமை மாவிலும் 11. நல்ல விஷயம்தான். ஆனால் 30 கிராம் மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து போகிறது. நாலு சப்பாத்தி 80 கிராம். அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 240 எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

கேழ்வரகுக் கஞ்சி விஷயமும் அதுதான். நைசாக அரைத்த மாவைக் கொழகொழவென்று காய்ச்சி டம்ளரில் குடிக்கும்போது பல்லுக்கு வேலையே இல்லை, வயிற்றுக்கும் வேலை குறைவு. சர்க்கரை மளமளவென்று ஏறும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரையும் வெங்காயமும் பாதிக்குப் பாதி போட்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள்.

அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லையே?

டிசம்பர் 7

மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒன்று முக்கியம். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரை அளவு அப்படியே இருக்க, சாப்பாட்டை மட்டும் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். தட்டில் என்ன மாற்றினாலும் டாக்டர் காதில் போட்டுவிட்டு மாற்றுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

டிசம்பர் 9

"அளவு, அளவு என்கிறீர்களே, ஒரு கைப்பிடியா, ஒரு கப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கப் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று. நான் தராசில் வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மெஸ்ஸில் சோறு போடும் கரண்டியில் குவித்து அள்ளினால் 180 கிராம் சோறு நிற்கிறது. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கரண்டியில் 50 கிராம். சாம்பாருக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி. வத்தக்குழம்பு வைக்கிற நாளில் நடுவில் இன்னொன்று. மூன்று கரண்டிக்கே 150 கிராம் ஆகிவிட்டது. பொரியல் போடும் கரண்டியோ கையடக்கம், ஒரு தடவைக்கு 40 கிராம் விழுந்தால் அதிகம். "பொரியல் இன்னும் கொஞ்சம்" என்று கேட்கக் கூச்சப்படுகிற மனிதர் "சோறு போடுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்கிறார். இத்தனை வருஷத்தில் பந்தியில் நான் பார்த்தது இது.

வீட்டில் இரண்டு கரண்டியையும் இடம் மாற்றினேன். பொரியலுக்குச் சோற்றுக் கரண்டி, சோற்றுக்குப் பொரியல் கரண்டி. முதல் நாள் மாமியார், "என்னடி, சோத்தைக் கிள்ளி வைக்கிறே, காக்காய்க்கா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்ற வரிசை போனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, வயிறு ரொம்பினாலும் மனசு ரொம்பாது. அதனால் வரிசையில் கை வைக்கவில்லை. சோறு முழுவதும் சாம்பாருக்கு மட்டும். சாம்பாரில் பருப்பும் காயும் முன்பைவிட இரண்டு மடங்கு, கரண்டி விட்டால் நிற்கிற மாதிரி கெட்டியாக. ரசம் டம்ளரில், மிளகு தூக்கலாக. மோரும் டம்ளரில், இஞ்சி கறிவேப்பிலை தட்டிப் போட்டு. மூன்று ருசியும் இருக்கிறது, சோறு ஒன்றரைக் கைப்பிடி. அவர் இப்போது ரசத்தை இரண்டாம் டம்ளர் கேட்கிறார்.

தம்பி, உங்கள் அப்பாவுக்குச் சோற்றைத் திருப்பிக் கொடுங்கள். 150 கிராம், தராசில் வைத்து. கூடவே அதைவிடக் கூடுதலாகக் காய், ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ மீனோ.

டிசம்பர் 9, சற்றுப் பின்

எழுத விட்டுப்போனது: காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 2015இல் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரே சாப்பாடு. ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், இன்னொரு நாள் காயும் கோழியும் முதலில். காய் முதலில் போன நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. பார்த்தது 11 பேரை மட்டும், சின்ன ஆய்வுதான். ஆனால் செலவில்லாத காரியம், என் குளுக்கோமீட்டரிலும் வித்தியாசம் தெரிகிறது. கல்யாணப் பந்தியில்கூட யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

டிசம்பர் 10

"பிரியாணி எந்தத் தானியத்தில் சேரும் அக்கா?" என்று கேட்ட திண்டுக்கல் தம்பிக்கு: ஆசையில் சேரும். உங்கள் ஊர்க்காரர்களிடம் அதைப் பிடுங்க யாராலும் முடியாது. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெயும் கறியும் சேர்ந்த சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாக இறங்கும். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று இன்னொரு தட்டு வாங்காதீர்கள். நாலு மணி நேரம் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். அரைத் தட்டு பிரியாணி, முழுக் கிண்ணம் வெங்காயப் பச்சடி, கறித்துண்டு வேண்டுமானால் இன்னும் இரண்டு.

டிசம்பர் 14

எந்த அரிசி என்று ஐந்தாறு பேர் கேட்டுவிட்டீர்கள்.

டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் கொண்டுவந்த அளவுகோல் கிளைசெமிக் குறியீடு. 50 கிராம் மாவுச்சத்து இருக்கும்படி ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2012இல் 235 நெல் ரகங்களைப் பற்றிச் சொன்னபோது 48 முதல் 92 வரை வந்தது. ஆக "அரிசி" என்று ஒரே பெயரில் திட்டுவது சரியில்லை. அமைலோஸ் என்கிற மாவுவகை கூடுதலாக இருக்கிற அரிசி உதிரியாக நிற்கும், செரிக்க நேரம் எடுக்கும். குழைந்து ஒட்டுகிற அரிசி பெரும்பாலும் வேகமாக ஏற்றும். பச்சரிசியைவிடப் புழுங்கல் கொஞ்சம் தேவலாம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது மாவு இறுகிக்கொள்கிறது.

எல்லாம் சரி. ஆனால் அந்த எண் 50 கிராம் மாவுச்சத்துக்கு உண்டானது. குறியீடு குறைந்த அரிசி என்று பை வாங்கி மூன்று கரண்டி சாப்பிட்டால் அதில் இருப்பது 150 கிராம். கறுப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா விற்கிற கடையில் "சர்க்கரை நோய்க்கு மருந்து" என்று பலகை மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தவிடு இருக்கிறது, ருசி இருக்கிறது, மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சத்தில் போதும் என்று தோன்றுகிறது. இவையெல்லாம் நல்ல குணம். மருந்து என்று நம்பி மாத்திரையை நிறுத்தினவர்கள் என் மெஸ்ஸிலேயே சாப்பிட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 15

குக்கரா வடித்ததா? வடித்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவு போகும், கூடவே பி வைட்டமினும் போகும். இதில் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். குழைய விடாமல் இறக்குவதில் கவனம் வையுங்கள்.

பழையசோறு கேட்டவருக்கு: ஆறிய சோற்றில் மாவின் ஒரு பகுதி இறுகிச் சுலபத்தில் செரிக்காததாக மாறுகிறது, உண்மைதான். அந்தப் பகுதி சின்னது. பழையசோற்றில் எனக்குப் பிடித்த கணக்கு வேறு: ஒரு கிண்ணத்தில் பாதி நீராகாரம், கால் பங்கு மோர், சின்ன வெங்காயம். சோறு கண்ணுக்கு நிறையத் தெரிகிறது, எடை போட்டால் 100 கிராம்தான்.

டிசம்பர் 21

"சிறுதானியத்துக்கு மாறினாலே போதும்" என்று ஓர் ஐயா நீளமாக எழுதியிருந்தார். அவர் வயதுக்கு மரியாதை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விடமாட்டேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது. 2023இல் வந்த முடிவுப்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதே கணக்கெடுப்பிலிருந்து 2025இல் சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றார்கள். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றியபோது குறைவு தெரிந்தது. எங்கள் வீட்டுக் கரண்டி சொல்வதும் இதுதான்.

அரிசிக்குப் பழியே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. தினம் 450 கிராமுக்குமேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல், அதிலும் தெற்காசியாவில் மிக அதிகம். 450 கிராம் என்றால் எங்கள் கரண்டியில் இரண்டரை. என் வாடிக்கையாளர்கள் ஒரே மதியத்தில் அதைத் தாண்டுகிறார்கள்.

டிசம்பர் 28

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத வரவில்லை. "சாமை, வரகு எல்லாம் பணக்காரர் பேச்சு. எனக்கு ரேஷன் அரிசிதான். மாத்திரை வீட்டுக்கு வருகிறது, காய்கறி வருவதில்லை."

அம்மா, 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய திட்டம், அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தால் மாத்திரை வாசலுக்கு வருகிறது, அதுவும் பெரிய காரியம். நடுவில் தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இழையில் கவுனி, ஓட்ஸ், கினோவா என்று எழுதுகிறவர்கள் இந்த அம்மாவின் வரியை ஒரு தடவை படியுங்கள்.

ரேஷன் புழுங்கல் போதும் அம்மா. அதே ரேஷனில் வாங்கும் துவரம்பருப்பைக் கூடுதலாகப் போடுங்கள். கொல்லையில் முருங்கை நின்றால் கீரையைத் தினமும் ஒரு கைநிறைய. வாழைத்தண்டு, வாழைப்பூ, கோவைக்காய் யார் வீட்டிலாவது கிடைக்கும். கருவாட்டைவிட மத்தி மீன் மலிவாகக் கிடைக்கிற நாளில் அதை வாங்குங்கள், உப்பும் மிச்சம். கொள்ளு வாங்க முடிந்தால் ரசமாக வைத்துச் சக்கையைச் சுண்டலாகத் தாளியுங்கள். அரிசி கிடைக்கிற அளவுக்குச் சோறு வடிக்காதீர்கள், சாப்பிட வேண்டிய அளவுக்கு வடியுங்கள். மீதி இருந்தால் அம்மாக்கள்தான் "வீணாகுதே" என்று அதையும் சாப்பிடுவோம்.

ஜனவரி 3

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், டிசம்பர் 7ஆம் தேதி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். ஏதோ வீடியோ பார்த்து இரவுச் சாப்பாட்டை விட்டு வெறும் வெள்ளரிக்காய் சாப்பிட்டார். மாத்திரை வழக்கம்போல. விடியற்காலையில் பனியன் நனைய வேர்த்து, கை நடுங்கி, மனைவி பெயரே வராமல் உளறினார். பார்த்தால் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் சீக்கிரம் ஏறவில்லை. காரணம் பிறகு தெரிந்தது, அவர் வோக்ளிபோஸும் போடுகிறவர். வோக்ளிபோஸ், அகார்போஸ் போடுகிறவர்களுக்கு நாம் டீயில் போடும் சர்க்கரை உடைந்து சேர நேரமாகும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும். 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சோற்றைக் கண்டு பயப்படச் சொல்லிச் சொல்லி, மனிதர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

ஜனவரி 8

ஒரு நர்ஸ் தங்கை சொன்ன சேர்ப்பு, எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்: சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு நான் மேலே எழுதிய பருப்பு, சுண்டல், கீரை அறிவுரை அப்படியே பொருந்தாது. புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு வரும். அவர்களுக்குக் கேழ்வரகைவிட வெள்ளைச் சோறே சில சமயம் சரியாக இருக்கும். கிரியாட்டினின் என்கிற சிறுநீரக இரத்தப் பரிசோதனை அறிக்கையை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும்.

ஜனவரி 18

பொங்கல் எப்படிப் போனது என்று கேட்டவர்களுக்கு. சர்க்கரைப் பொங்கல் செய்தேன், சாமிக்குப் படைத்தேன், நானும் மாமியாரும் சாப்பிட்டோம். இரண்டு ஸ்பூன், அன்றைக்குச் சோற்றில் அவ்வளவைக் கழித்து. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவானாலும் இரத்தத்தில் சர்க்கரைதான், இதில் சலுகை இல்லை.

ஏழுகறிக் கூட்டில்தான் கவனம் வேண்டும். சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு என்று பாதிக்கு மேல் கிழங்கு. "காய்தானே" என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் அது சோற்றுக் கணக்கு. வேகவைத்த சர்க்கரைவள்ளி 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. நான் இந்த வருஷம் அவரையும் மொச்சையும் பரங்கியும் தூக்கலாக, கிழங்கு பேருக்கு. நாகர்கோவில் அண்ணன் மரவள்ளியும் மீன்குழம்பும் பற்றிக் கேட்டார். மரவள்ளியில் மாவு இன்னும் கூட. மரவள்ளி வைக்கிற வேளையில் சோறு வேண்டாம், மீன் வேண்டிய மட்டும்.

சாப்பிட்டதும் பெரிய தெரு வரை நடந்தோம். நியூசிலாந்து ஒடாகோ பல்கலைக்கழகம் 2016இல் பார்த்தது: தினம் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிஷம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாக இறக்குகிறது, அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடங்கள்.

ஜனவரி 27

தம்பி எழுதியிருப்பதைப் பார்த்து மனசு நிறைந்தது. அப்பா மதியம் 150 கிராம் சோறு, இரண்டு மணி நேரத்தில் 172. சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு அம்மாவிடம் சிரித்துப் பேசினாராம்.

ஆனால் காலை வெறும் வயிற்றில் இன்னும் 150 வருகிறது, அதனால் இரவு இட்லியை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். காலை அளவு இரவுச் சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை இறக்கிவிடும், சர்க்கரை நோயில் அதை அடக்குகிற இன்சுலின் போதாமல் போகிறது. அது மாத்திரையின் அளவையும் நேரத்தையும் வைத்து டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். கிளிமிபிரைடு போடுகிறவரை இரவு பட்டினி போட்டால் கண்டக்டருக்கு ஆனதுதான் ஆகும்.

ஒரு இட்லியில் 12, 13 கிராம் மாவுச்சத்து இருக்கும். இரவு எட்டு மணிக்குள் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி கொஞ்சம், காய் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், அதற்கு முன் ஒரு முட்டையோ பயறோ. ஒரு வாரத்துக்குக் காலை அளவையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவையும், எத்தனை கிராம் சோறு, எத்தனை இட்லி என்பதையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகும்போது அப்பா கையிலேயே அந்த நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள்.